நம் பெரியவர்களும் வாட்ஸ்அப்பும்

(கொடைக்கானலில் நமது அறக்கட்டளையின் மூத்தோர் நலக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பனியும் தூறலுமான இந்த வேளையில் மூஞ்சிக்கல், நாயுடுபுரம், பெருமாள்மலை, பண்ணைக்காடு என்று பல இடங்களிலிருந்து சிரமப்பட்டு வந்திருக்கிறீர்கள். வழக்கமாக இந்தக் கூட்டத்தில் சர்க்கரை நோய், கண் பரிசோதனை, முதியோர் உதவித்தொகை என்றுதான் பேசுவோம். இன்று வாட்ஸ்அப்பைப் பற்றிப் பேசச் சொன்னது நீங்கள் இல்லை, உங்கள் பிள்ளைகள். "அத்தா ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் போனும் கையுமா இருக்காங்க. வர்றதையெல்லாம் நாலு குரூப்புக்கு அனுப்புறாங்க. நாங்க சொன்னா கோபப்படுறாங்க, நீங்க சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். போனைக் கீழே வையுங்கள் என்று நாங்கள் உங்களிடம் சொல்லுவோம் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அதை நாங்கள் சொல்லப் போவதில்லை.

நம் ஊரில் ஒரு பெரியவர் வீட்டைவிட்டுக் கிளம்புவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். சமவெளியில் இருப்பவர் வாசலைத் தாண்டினால் தெரு. இங்கே நாற்பது படி இறங்க வேண்டும், திரும்பி வரும்போது அதே நாற்பது படி ஏற வேண்டும். மழைக்காலத்தில் பாசி பிடித்த படியில் மூட்டு வலியோடு யார் இறங்குவது? அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் உட்கார்ந்து நாட்டு நடப்பைப் பேசிய காலம் பலருக்குப் போய்விட்டது. பிள்ளைகள் திருப்பூரில், சென்னையில், துபாயில். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். விலைவாசி, தேர்தல், தண்ணீர்ப் பிரச்சினை எதைப் பற்றியும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்க ஆள் இல்லாத வீட்டில், அந்தச் சின்னத் திரைதான் இப்போது திண்ணை. அதைப் பிடுங்கிக்கொள்வது நன்மையான காரியமாக எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆனால் அந்தத் திண்ணையில் போன வருட மழையில் ஒன்று நடந்தது. அதைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் மூத்தோர் குழுவில் ஒருவர், வயது எழுபதைத் தாண்டியவர். முப்பது வருடத்துக்கு மேல் வத்தலக்குண்டு மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். சம்மதம் வாங்கித்தான் இதைப் பேசுகிறோம், பெயர் வேண்டாம். ஒருநாள் காலையில் அவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. மலை அப்படியே சரிந்து சாலையில் விழுகிறது. "பெருமாள்மலை அருகே பயங்கர மண்சரிவு, வத்தலக்குண்டு சாலை துண்டிப்பு" என்று கீழே எழுதியிருந்தது. அரை மணி நேரத்தில் அது ஊர் முழுக்கச் சுற்றிவிட்டது.

டயாலிசிஸுக்காக வாரத்தில் இரண்டு நாள் மதுரைக்குப் போய்வரும் ஓர் அம்மா நம் குழுவில் இருக்கிறார். அன்று அவர் போக வேண்டிய நாள். மகன் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, வாடகைக் காரை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாதை திறந்துதான் இருந்தது. பேருந்துகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இரவு அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நடுச்சாமத்தில், மழையில், ஆம்புலன்ஸில் கீழே கொண்டுபோனார்கள். அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்துக்கொண்டார்.

அந்த வீடியோவைப் பிறகு நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஓரத்தில் ஒரு பெயர்ப்பலகை தெரிந்தது. அதில் இந்தி எழுத்து இருந்தது. எந்த மாநிலமோ, எந்த வருடமோ.

அந்தப் பெரியவர் மறுநாள் படி இறங்கி, படி ஏறி, அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தார். குழுவிலிருந்து விலகிவிட்டார். போனையும் பேரனிடம் கொடுத்துவிட்டார். அவரைத் திரும்ப அழைத்துவர எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று. "எனக்கு எதுக்கு இந்தக் கருமாந்திரம்" என்றார். நாங்கள் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டோம்: "அண்ணே, அந்தப் பாதையில முப்பது வருசம் ஓட்டினீங்களே, மண் எங்கே சரியும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அடுத்த மழையில் அவர் குரலிலேயே ஒரு செய்தி வந்தது. எழுத வராது, அதனால் பேசி அனுப்பினார். எந்த வளைவில் மேலேயிருந்து ஓடை இறங்கும், எந்த இடத்தில் முன்பே மண் விழுந்திருக்கிறது, வடிந்து வரும் தண்ணீர் திடீரென்று சேற்று நிறமாக மாறினால் அங்கே வண்டியை நிறுத்தக் கூடாது, இருட்டிய பிறகு இறங்க வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னார். இரண்டரை நிமிடம். இன்றைக்கு நம் வேன் ஓட்டும் தம்பிகள் மழை பிடித்தால் அவரைத்தான் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே மனிதர் ஒரே போனில் அனுப்பியதுதான். முதலில் வந்தது யாரோ சொன்னது. அடுத்து வந்தது அவர் கண்டது.

எது யாரோ சொன்னது என்று கண்டுபிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. செய்திக்கு மேலே அம்புக்குறி இருந்தால் அது வேறொருவரிடமிருந்து வந்து அனுப்பப்பட்டது. இரட்டை அம்பு இருந்தால் ஐந்து கைக்கு மேல் மாறி உங்களிடம் வந்திருக்கிறது. அப்படிப்பட்டதை ஒரு நேரத்தில் ஒரு குழுவுக்கு மேல் அனுப்ப முடியாமல் வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்படுத்தியது. 2018 ஜூலையிலேயே இந்தியாவுக்கு ஐந்து பேர் என்ற வரம்பைக் கொண்டுவந்திருந்தார்கள். ஏன் நம் நாட்டுக்கு முதலில்? பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற வதந்தியில் நம் நாட்டில் மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த வருடம் மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், அத்திமூரில், குலதெய்வம் கும்பிடப் போன சென்னை மூதாட்டி ஒருவர் வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவருக்கு வயது 65. கூட்டம் சேர்ந்து அடித்ததில் உயிர் போய்விட்டது. குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் வயதில் எல்லோரும் செய்வதுதானே?

நமக்கும் இது நடந்திருக்கிறது. 2020 மார்ச் கடைசியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸ் செய்தி வந்தபோது, நோயைப் பரப்புகிறவர்கள் என்று நம்மைக் காட்டி எத்தனை வீடியோக்கள் சுற்றின! போலீஸ்காரர் மீது ஒருவர் துப்பும் காட்சி ஒன்று வந்தது. அது கொரோனாவோடு சம்பந்தமே இல்லாத, மும்பையில் ஒரு விசாரணைக் கைதியின் பழைய வீடியோ. அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை தப்லீக் ஜமாஅத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தது. தீர்ப்பு எத்தனை குழுக்களில் சுற்றியது? அந்த வலி தெரிந்த நாம், இன்னொரு சமூகத்தைப் பற்றி, இன்னொரு ஊர்க்காரரைப் பற்றி வருவதைப் பார்க்காமல் தள்ளிவிடலாமா? ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆவது வசனம் எதைப் பற்றியது என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. செய்தி வந்தால் விசாரித்துக்கொள்ளச் சொன்ன வசனம். ஜும்ஆவில் பலமுறை கேட்டதுதான். கைப்பேசிக்கும் அது பொருந்தும் என்பதுதான் மறந்துபோகிறது.

"நான் எழுதலை, வந்ததை அனுப்பினேன்" என்று பலர் சொல்வார்கள். நடிகர் எஸ்.வி.சேகர் 2018 ஏப்ரலில் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவை முகநூலில் பகிர்ந்தார். யாரோ எழுதியது, படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் வழக்கை ரத்து செய்ய மறுத்துவிட்டன. 2024 பிப்ரவரியில் ஒரு மாதச் சிறைத் தண்டனை தீர்ப்பானது. பெயரும் பணமும் உள்ளவருக்கே இந்த நிலை.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பயந்து வாயை மூடிக்கொண்டால் நம் ஊருக்குத்தான் நஷ்டம். பாதரச ஆலை விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். செயின்ட் மேரீஸ் சாலை தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கண்ணாடிக் கழிவு நம் ஊர்ப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்து, 2001இல் ஆலை மூடப்பட்டது. அதன் பிறகு பதினைந்து வருடம் தொழிலாளர்கள் அலைந்தார்கள். 2015இல் சென்னையைச் சேர்ந்த சோபியா அஷ்ரப் என்ற நம் பெண்பிள்ளை பாடிய ஒரு பாட்டு யூடியூபில் பல லட்சம் பேரைச் சென்றடைந்தது. யூனிலீவர் தலைமை அதிகாரியே ட்விட்டரில் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு ஹிந்துஸ்தான் யூனிலீவர் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாடியது இளையவர். ஆனால் அந்த ஆலைக்குள் என்ன நடந்தது என்பதை வருடக்கணக்காகச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். இன்று அவர்களில் பலர் நம் வயதுக்காரர்கள். அவர்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் பாடுவதற்கு ஒன்றுமே இருந்திருக்காது.

இப்போது இ-பாஸ் பற்றி நம் குழுவில் நடக்கும் சண்டைக்கு வருகிறோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நம் ஊருக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று எண்ணிக்கையும் வைத்தார்கள். லாட்ஜ் வைத்திருக்கும் ஒரு ஹாஜியார், சீசன் இரண்டு மாதத்தை நம்பித்தான் வருடம் முழுக்க அடுப்பு எரிகிறது என்று எழுதினார். உடனே இன்னொரு பெரியவர், சீசன் நெரிசலில் மனைவியை வைத்துக்கொண்டு ஏரிச் சாலையில் ஒன்றரை மணி நேரம் நின்றதைச் சொன்னார். இரண்டு பேரும் ஒரு வாரம் ஸலாம் சொல்லிக்கொள்ளவில்லை. அது இருக்கட்டும். எங்களுக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. இரண்டு பேரும் தங்கள் வாழ்க்கையை வைத்துப் பேசினார்கள். அதற்கு நடுவே ஒருவர் "இ-பாஸ் ரத்து" என்று இரட்டை அம்போடு ஒன்றைப் போட்டார் பாருங்கள், அதுதான் குழப்பத்தைக் கிளப்பியது. யார் என்று இந்த அவைக்குத் தெரியும், சிரிப்பதைப் பார்த்தாலே தெரிகிறது.

வக்ஃப் திருத்த மசோதா 2024இல் நாடாளுமன்றக் கூட்டுக் குழுவுக்குப் போனபோது, க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து கருத்து அனுப்பச் சொன்னார்கள். பேரன்மார் உதவியோடு நீங்களும் அனுப்பினீர்கள். ஏறக்குறைய 97 லட்சம் கருத்துகள் போய்ச் சேர்ந்தன. எண்ணிக்கைக்கு அது வேண்டியதுதான், தவறு சொல்லவில்லை. ஆனால் அது ஏற்கெனவே எழுதி வைத்த கடிதம். கபர்ஸ்தானின் பழைய எல்லை எந்த மரத்திலிருந்து எந்தப் பாறை வரைக்கும், இடத்தைக் கொடுத்தவர் யார், எந்த வருடம் வேலி போட்டது என்று சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொரு ஊர் ஜமாஅத்திலும் இரண்டு மூன்று பேர்தான் மிச்சம். அவர்கள் அனுப்பியதும் அதே கடிதம்தான். அவர்களுக்குத் தெரிந்தது எதிலும் பதிவாகவில்லை.

தாய்மார்களிடம் ஒரு குறை. குழுவில் இருக்கிறீர்கள், ஆனால் பேசுவதில்லை. குழாயில் எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, ரேஷனில் என்ன கிடைத்தது, என்ன கிடைக்கவில்லை என்பது ஆண்களைவிட உங்களுக்குத்தான் தெரியும். மகன் போனிலிருந்து அனுப்பினால் மகன் சொன்னதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஆகவே உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. அத்தா தவறாக ஒன்றை அனுப்பிவிட்டால் எல்லோரும் பார்க்கும் குழுவில் வைத்துத் திருத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். அந்த லாரிக்கார அண்ணனை நாங்கள் குழுவில் வைத்துத்தான் கேள்வி கேட்டோம். மூன்று வாரம் வீணாய்ப் போனதில் எங்கள் பங்கும் உண்டு.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பிறகு இதே இடத்தில் கல்லூரிப் பிள்ளைகள் நான்கு பேர் இருப்பார்கள். எழுத்தைப் பெரிதாக்குவது, பேசினால் தமிழில் எழுத வைப்பது, அனுப்பியதை எல்லோருக்குமாக அழிப்பது மூன்றையும் சொல்லித் தருவார்கள். கண்ணாடியை மறக்காமல் கொண்டு வாருங்கள், சார்ஜ் போட்டுக்கொண்டு வாருங்கள். படி இறங்க முடியாதவர்கள் முதல் நாளே சொல்லிவிட்டால் வேன் வரும். ஓட்டி வருவது நம் லாரிக்கார அண்ணனின் பேரன்தான்.