புரண்டு படுத்தால் கொடி சுற்றுமா?

மாசமாக இருக்கும் பெண் ராத்திரியில் புரண்டு படுத்தால் போதும், "எழுந்து உட்கார்ந்து திரும்பிப் படும்மா, கொடி சுத்திக்கும்" என்று பாட்டி குரல் கொடுப்பார். தொப்புள்கொடி சுற்றுவது குழந்தையின் அசைவால். தாய் புரள்வதால் அல்ல. ஆனாலும் கையூன்றி மெதுவாகத் திரும்புவது இடுப்புக்கு இதம். பாட்டிக்குப் பாதி மதிப்பெண்!

கவனிக்க வேண்டியது மல்லாந்து படுப்பதைத்தான். 28 வாரத்துக்குப் பிறகு, கனத்த கருப்பை முதுகெலும்பை ஒட்டி ஓடும் பெருஞ்சிரையை அழுத்தும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைந்து தலை சுற்றலாம். குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையலாம். ஆகவே ஒருக்களித்துப் படுங்கள். இடப்பக்கம்தான் என்று கட்டாயமில்லை, வலப்பக்கமும் சரியே. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, வயிற்றுக்கு அடியில் மடித்த பழைய சேலை. நடுராத்திரி விழிக்கும்போது மல்லாந்து கிடந்தால் பதறாதீர்கள், பக்கவாட்டில் திரும்பித் தூங்குங்கள்.