மலையனூர்ப் புற்றும் அரவின் இயல்பும்

(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)

 

விழுப்புரம் மாவட்டத்தில், செஞ்சிக்கு அண்மையில் உள்ள மேல்மலையனூர், அன்னை அங்காளபரமேசுவரி புற்றிடங் கொண்டு அருள்பாலிக்கும் திருத்தலம். சிவபெருமான் பிரமனது ஐந்தாந் தலையைக் கொய்தபோது அக்கபாலம் பெருமானின் திருக்கரத்தில் பற்றிக்கொண்டது என்பதும், அதனை நீக்கும் பொருட்டு வந்த அம்மை இங்கே புற்றினுள் அரவுருக் கொண்டு உறைந்தாள் என்பதும் தலவரலாறு. அப்புற்றினைக் காத்து வழிபட்ட மீனவர் மரபினராகிய பருவதராச குலத்தாரே வழிவழியாகப் பூசனை புரிந்து வருகின்றனர். அமாவாசை இரவில் ஊஞ்சல் உற்சவத்திற்குத் திரளும் அடியார்கள் புற்றினை நோக்கிக் கைகூப்பாது மீள்வதில்லை.

இத்தகைய தலத்தில் அரவைப் பற்றிய பேச்சு எழுவது இயல்பே. பாம்பு மகுடி இசையில் மயங்கும் என்பர். வைத்த பாலைப் பருகும் என்பர். அடித்தவனை மறவாது பன்னீராண்டு கழிந்தும் பழிவாங்கும் என்பர். வளர்த்தவனைத் தாயாக எண்ணிக் குழையும் என்பர். இவையெல்லாம் பாம்பினைப் பாதி மனிதனாக்கும் கூற்றுக்கள். இவை உண்மைதாமோ? உண்மையல்ல எனின், அதனால் அரவின் பெருமை குன்றுமோ? இவ்விரு வினாக்களையும் ஆராய்தல் தக்கது.

புறச்செவி இல்லாமை கண்டே முன்னோர் பாம்பினைக் ‘கட்செவி’ என்றனர். நிலத்தின் அதிர்வைத் தாடை எலும்பின் வழியாக அது உணர்கிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலியையும் ஓரளவு அறிகிறது. ஆயினும் மகுடியின் முன் அது ஆடுவது இசையின்பத்தால் அன்று. தன்முன் அசையும் பொருளைப் பகையென அஞ்சிப் படம் விரித்து, அதன் போக்கிலே தானும் திரும்புகிறது. பால் அதற்கு உணவன்று. நீரின்றிப் பலநாள் அடைபட்டு வாடிய பாம்பே விடாய் தாங்காது பாலிலும் வாய் வைக்கும். பழிவாங்கும் என்பதற்குச் சான்றில்லை. வளர்ப்பவன் கையில் அடங்கிக் கிடப்பதும் பழக்கத்தால் அச்சம் தணிந்தமையே.

ஆனால், கற்பனையைக் களைந்தபின் எஞ்சும் உண்மை இவற்றினும் வியப்புடையது. ராஜநாகத்தின் பெண், சருகுகளை உடலால் வளைத்துக் கூட்டிக் கூடமைத்து, முட்டைகளைக் காவல் செய்கிறது. மலைப்பாம்பின் தாய், முட்டைகளைச் சுற்றிக் கிடந்து, குளிர் மிகும்போது தன் தசைகளை நடுங்கச் செய்து சூடேற்றுகிறது. வயல்வெளியில் இரண்டு பாம்புகள் பின்னி எழுவதைக் கண்டால், சாரையும் நல்லபாம்பும் கூடுகின்றன என்று ஊரார் கூறுவர். உண்மையில் அவை பெரும்பாலும் ஆண் சாரைகள் இரண்டு. ஒன்றையொன்று கடியாமல், தலையைக் கீழே அழுத்துவதனாலேயே வெற்றி தோல்வியைத் தீர்த்துக்கொண்டு பிரிகின்றன. குருதி சிந்தாது போரை முடிக்கும் இம்முறையை மனிதர் இன்னும் முற்றக் கற்றாரில்லை!

சைவ நூல்கள் இதற்குப் பொருள் காட்டுகின்றன. உயிர் ஒன்று போலவே இருப்பது. வினைக்கீடாக அதற்கு வாய்க்கும் உடம்பும் கருவிகளுமே வேறு வேறு. திருக்காளத்தியில் சிலந்தியும் பாம்பும் யானையும் பூசித்துப் பேறு பெற்றன என்று தலபுராணம் கூறும். பாம்பு மணிகளைச் சார்த்தி வழிபட்டது. யானை அவற்றை நீக்கி இலையையும் மலரையும் இட்டது. அது கண்டு சினந்த பாம்பு யானையின் துதிக்கையுட் புக, இரண்டும் மாண்டன. மனிதனுக்குள்ள பத்தியும் அவற்றிற்கு இருந்தது. ‘என் பூசையே பூசை’ என்னும் மனிதனுக்குள்ள முனைப்பும் இருந்தது. பெருமானோ முனைப்பைப் பாராது அன்பையே கொண்டு இரண்டிற்கும் வீடளித்தான். ஆகவே, பாம்பு மதிக்கப்படுவதற்கு அது மனிதனைப்போல் நடந்து காட்ட வேண்டுவதில்லை. உயிராக இருத்தலே போதும்.

இவ்வுண்மையை உணர்ந்தார் செய்யத்தக்கது யாது? புற்றின் கண்ணிலே பாலையும் முட்டையையும் கொட்டினால், உள்ளிருக்கும் உயிருக்கு இடமே கெடும். பாலைப் பாத்திரத்தில் நிவேதித்து, எளிய குழந்தைகளுக்கு வழங்கினால் அன்னை மகிழாளோ? பல்லைப் பிடுங்கியும் வாயைத் தைத்தும் பாம்பினைத் தெருவில் ஆட்டுவார்க்குக் காசு கொடுப்பது தருமமாகாது. பாம்பினைப் பிடித்து வளர்ப்பதையும் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. நெல்லும் மணிலாவும் விளையும் இவ்வட்டாரத்தில் எலியை அடக்கிக் குடியானவனுக்குத் துணை நிற்பதும் பாம்பே. அதனை அதன் போக்கில் விட்டுவிடுவதே அதற்குச் செய்யும் பூசை.

எனினும், அரவினிடம் நஞ்சு உண்டு என்பதை மறத்தலாகாது. இந்திய நாட்டில் 2000 முதல் 2019 வரை ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2020 இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுட் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். திங்களூரில் அப்பூதியடிகளின் மகன் அரவு தீண்டி மாண்டபோது, அப்பரடிகள் பதிகம் பாடி எழுப்பியருளினார். அது அருளாளர் செயல். அதனை எடுத்துக்காட்டி, கடியுண்டவனை மந்திரிப்பவர் வாயிலில் கிடத்திக் காலங்கழித்தல் பத்தியன்று, பேதைமை.

ஆலகாலத்தைக் கண்டத்தில் அடக்கி அமரரைக் காத்தவன் நீலகண்டன். நஞ்சினின்றே மருந்து பிறக்கவும் அவன் வழி வைத்தான். 1972 ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் பாம்புத்தோல் வாணிகத்தை இழந்த இருளர் மக்கள், 1978 இல் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சினை எடுத்துக்கொண்டு, பாம்பினை மீண்டும் காட்டில் விடுவது அவர்தம் தொழிலாயிற்று. அந்நஞ்சினைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் தோன்றும் எதிர்ப்பொருளைப் பிரித்து மருந்து செய்கின்றனர். இருளர் மரபினராகிய வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023 இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. கொல்லாமலே உயிர்காக்கும் கைகளுக்கு அது தக்க சிறப்பு.

ஆதலின், அரவு தீண்டியவரை அசையாது படுக்கவைத்து, கட்டிறுக்காமலும் கீறாமலும், விரைவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. வழியில் அன்னையின் திருநாமத்தை ஓதுக. மருத்துவமும் வழிபாடும் தம்முள் முரணுவன அல்ல.

இன்று குடமுழுக்குக் கண்ட அன்னைக்குப் பொன்னும் பொருளும் ஈந்த புரவலர்கள் பெரும்பேறு உடையர். அவரவர் வயலோரத்தில் நிற்கும் ஒரு புற்றினை மண்வெட்டி படாது விட்டு வைப்பாராயின், அதுவும் ஒரு திருப்பணியே. ஊரில் ஒருவரைக் காலந்தாழ்த்தாது மருத்துவமனையிற் சேர்த்துக் காப்பாராயின், அது அதனினும் பெரிய திருப்பணி. அரவாய் உறைந்த அன்னை, அரவினையும் காப்பாள். அரவினை அஞ்சும் அடியாரையும் காப்பாள்.

திருச்சிற்றம்பலம்.