வாரமா, குத்தகையா?

கைத்தொலைபேசிச் செயலி செய்யப் புகும் நம் வாலிபர்க்கு

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கும்பழாவளைப் பிள்ளையாரை மனத்தால் வணங்கி, எடுத்துக்கொண்ட பொருளிற் புகுவாம். சென்ற கூட்டத்தில் நம் வாலிபர் நால்வர் எழுந்து ஒரு விருப்பத்தைச் சபைக்கு விண்ணப்பித்தனர். அளவெட்டி நாதஸ்வர, தவிற் கலைஞர்களுக்கென ஒரு கைத்தொலைபேசிச் செயலி செய்ய வேண்டும். கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் மேளம் பேச விரும்புவோர் அதிலே நாளைப் பார்த்து, கலைஞரைத் தெரிந்து, அச்சாரமும் கொடுத்துவிட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். நல்ல எண்ணமே. தவில் மேதை தெட்சணாமூர்த்தியும் நாதஸ்வர வித்துவான் பத்மநாதனும் வாழ்ந்த ஊரில் இவ்வெண்ணம் பிறவாமல் வேறெங்கே பிறக்கும்?

அன்று சபையிலே இரண்டு கேள்விகள் எழுந்தன. செயலியை எம்முறையில் ஆக்குவது என்பது ஒன்று. அதற்காகும் செலவை யார் கொடுப்பது என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு நால்வரும் நான்கு விடை கூறினர். இரண்டாவது கேள்விக்கு நால்வரும் ஒரே விடை கூறினர்: "அதைப் பிறகு பார்ப்போம்."

அந்தப் "பிறகு" என்ற சொல்லே நம்மை இன்று இங்கு பேச வைத்தது. சில ஆண்டுகளுக்கு முன் நாம் சிலர் கூடிக் கோயில் திருவிழா நாட்களைக் காட்டும் ஒரு செயலி செய்தோம். அன்ட்ரொயிட் தொலைபேசிக்கு ஒன்று, ஐபோனுக்கு ஒன்று என இரண்டு தனித்தனி நிரல்கள் எழுதினோம். வெளிநாட்டு அன்பர்கள் அனுப்பிய பணம் முதலாண்டிலேயே தீர்ந்தது. நிரல் எழுதிய தம்பி கனடாவுக்குப் போனார். அவரைக் குறை கூறுவதற்கில்லை, அவர் வீட்டுக் கடன் அப்படி. புதிது புதிதாக வரும் அன்ட்ரொயிட் பதிப்புகளுக்கு ஏற்பச் செயலியைத் திருத்தாவிட்டால், கூகிள் கடையிலே புதிய தொலைபேசி வைத்திருப்போர் கண்ணுக்கு அது தோன்றாது. நமது செயலிக்கும் அதுவே நேர்ந்தது. கொடி ஏறும் நாளைக் கேட்க மக்கள் முன்போலவே ஐயரிடம் போயினர். அக்காலத்தில் நாமும் "பிறகு பார்ப்போம்" என்றவர்களே.

ஆதலின் இரண்டாவது கேள்வியை முதலில் எடுப்போம். கமக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது புதிய கேள்வியன்று. பிறர் காணியிற் பயிர் செய்வோன் காணிக்காரனுக்கு விளைவிற் பங்கு கொடுத்தால் வாரம். விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசிய தொகையைக் கொடுத்தால் குத்தகை. செயலி உலகத்து வியாபார முறைகளுட் பல இவ்விரண்டின் பேரன் பேத்திகளே.

முச்சக்கரவண்டிகளைப் பாருங்கள். ஊபர், 2015 இல் நம் நாட்டில் தோன்றிய பிக்மீ முதலியன ஓட்டத்துக்கு இவ்வளவு பங்கு என்று தரகு பெறும் முறையில் வளர்ந்தவை. இது வாரம். வண்டி ஓடாத நாளிற் சாரதி ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. நன்றாக ஓடிய நாளிலோ பங்கு போவதைக் கண்டு அவர் மனம் எரியும். பெங்களூரிலே 2022 நவம்பரில் ஓட்டோச் சாரதிகளின் சங்கமும் ஜஸ்பே என்ற மென்பொருள் நிறுவனத்தாரும் கூடி "நம்ம யாத்ரி" என்ற செயலியைத் தொடங்கினர். தரகு இல்லை. முதலில் ஒன்றும் வாங்காமலே நடத்தி, 2023 இல் நாளொன்றுக்கு 25 இந்திய ரூபா, அல்லது ஓட்டத்துக்கு மூன்றரை ரூபா எனக் கட்டணம் வைத்தனர். 25 ரூபாவைக் கொடுத்துவிட்டால் அன்று எத்தனை ஓட்டமும் ஓடலாம். இது குத்தகை. நிரலையும் யாவரும் பார்க்கத் திறந்து வைத்தனர். இதன் விளைவு யாதெனில், ஊபர் தானும் 2025 பெப்ரவரியில் இந்திய ஓட்டோக்களுக்குத் தரகை விட்டுக் கட்டணமுறைக்கு மாறியது. பெருங்கொம்பனி ஒன்று சாரதிகளின் வழிக்கு வந்தது என்றால், அதற்குக் காரணம் நிரலின் திறமை மாத்திரமன்று. கணக்கு எழுதும் முறையை மாற்றியதே.

"எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுப்போம், விளம்பரத்தால் வரும்படி வரும்" என்று நால்வருள் ஒருவர் கூறினார். வட்ஸ்அப்பின் கதையை அவர் கேட்கட்டும். 2009 இல் தொடங்கிய அச்செயலி ஆண்டுக்கு ஒரு டொலருக்குச் சற்றுக் குறைந்த கட்டணத்தில் நடந்தது. விளம்பரமே வேண்டாம் என்பது அதைத் தொடங்கிய இருவரின் கொள்கை. 2014 இல் பேஸ்புக் அதை 1900 கோடி டொலருக்கு வாங்கிற்று. 2016 இல் கட்டணம் நீங்கியது, நாமெல்லாம் மகிழ்ந்தோம். 2021 தொடக்கத்தில் அந்தரங்க விதிகள் மாறிய பொழுது உலகமெங்கும் கலக்கம் உண்டாயிற்று. 2025 யூனில் விளம்பரமும் வரும் என அறிவித்தனர். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். செயலியும் தனக்கு உப்பிட்டவரையே நினைக்கும். மேலும், விளம்பரத்தால் வாழக் கோடிக்கணக்கான கண்கள் வேண்டும். நம்மூர் மேளத்தைத் தேடுவோர் சில ஆயிரவர். அந்தக் காசு தேநீருக்கும் போதாது.

இலவசமாகக் கொடுத்தும் நிலைத்தவர் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் அவர்களின் செல்லினம் 2005 ஆம் ஆண்டு தைப்பொங்கலன்று சிங்கப்பூரில் வெளிவந்தது. அக்காலத்துக் கைத்தொலைபேசிகளிலே தமிழ் எழுத்து இல்லை. செயலியே தன் எழுத்தைச் சுமந்து சென்றது. பின்னர் ஐபோனும் அன்ட்ரொயிட்டும் வந்த பொழுது அவற்றுக்கும் ஏற்ப அதை ஆக்கித் தமிழருக்கு இலவசமாகக் கொடுத்தார். அவர் ஆக்கிய எழுத்துருக்களோ அப்பிள் கணினிகளின் உள்ளேயே இடம்பெற்றன. தமிழிலே தட்டச்சுச் செய்யும் மாணவனிடம் காசு வாங்காமல், எழுத்துருவுக்குப் பெருநிறுவனங்களிடம் உரிமம் கொடுப்பது ஒரு வழி. அவ்வழியிற் செல்வதற்கு முன்னே பல ஆண்டுத் தொழிற்றிறன் இருக்க வேண்டும். 2005 இல் தொடங்கிய நம் நூலகம் இணையத்தளமோ முழுவதும் கொடையால் நடப்பது. நம் பழைய மலர்களையும் பத்திரிகைகளையும் அங்கே படிக்கலாம். அது தர்மம். தர்மத்துக்குத் தர்மகர்த்தா வேண்டும். ஆண்டுதோறும் பை ஏந்தும் பொறுமையும் வேண்டும். திருவிழாச் செயலிக்கு நாம் ஒருமுறை ஏந்தினோம், மறுமுறை ஏந்தக் கூச்சப்பட்டோம்.

நிற்க. நம் மேளச் செயலிக்கு வருவோம். கலைஞரிடம் வாரம் வாங்கலாமா? நமக்கு அதில் உடன்பாடில்லை. மேளத்துக்குப் பேசும் தொகை நாதஸ்வரக்காரர், தவிற்காரர், தாளக்காரர் எனப் பலர் கைக்குப் பிரிவது. அதிலே நாமும் ஒரு பங்காளியாக உட்காருவது அழகன்று; நடக்கவும் மாட்டாது. முதற் கலியாணத்தில் அறிமுகமான வீட்டார் இரண்டாம் கலியாணத்துக்குக் கலைஞரை நேரே தொலைபேசியில் அழைப்பர். அவரைத் தடுக்க நாம் யார்? குத்தகையும் பொருந்தாது. ஓட்டோ நாள்தோறும் ஓடும். புரட்டாதியிலும் மார்கழியிலும் கலியாண மேளம் ஏது? வெறுங்கை மாதத்திலே கட்டணம் கேட்டு ஒரு கலைஞர் வீட்டு வாசலில் நிற்க நம்மால் முடியாது.

எனவே மேளம் பேசும் வீட்டாரிடமே, ஒரு பேச்சுக்கு இவ்வளவு என ஒரு சிறு தொகையைப் பெறுவதே தகும் என்பது நம் எண்ணம். எதற்காக அவர் கொடுப்பார்? ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டார் அச்சாரம் கொடுத்துவிட்டுப் பந்தலிலே நின்று சண்டையிட்ட கதைகள் இங்கிருக்கும் பெரியோர்க்குத் தெரியும். நாள் உறுதியாயிற்று, அச்சாரம் இவ்வளவு, மேளம் வரும் நேரம் இன்னது என்று இரு சாராரிடமும் ஒரு பற்றுச்சீட்டு இருந்தால் அந்தச் சண்டை இல்லை. அவர் கொடுப்பது அந்தப் பற்றுச்சீட்டுக்கு. நேரே பேச விரும்புவோர் பேசட்டும்.

காசு தருபவர் யார் என்பது தெரிந்தவுடன், எம்முறையில் ஆக்குவது என்ற முதற் கேள்வி பாதி கரைந்துவிடுகிறது. மேளம் பேசுவோருட் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருப்பவர்கள். ஆடி ஆவணியில் ஊருக்கு வந்து காரியம் நடத்துவோர். ஐபோன் அவர்கள் கையில். கலைஞர் கையிலோ விலை குறைந்த அன்ட்ரொயிட். வயதான ஒரு சிலரிடம் பொத்தான் தொலைபேசி. முன்னவர் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மேளம் பேசுவார். பின்னவர் நாள்தோறும் தம் நாட்குறிப்பைப் பார்ப்பார். இவ்விருவருக்கும் ஒரே பண்டம் எதற்கு?

2022 யூலையை நினைத்துப் பாருங்கள். எரிபொருள் வரிசையிலே இரவு பகலாய்க் கிடந்த மாதங்கள். மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்ற கணக்கு நமக்கு மனப்பாடம். அப்பொழுது வந்த தேசிய எரிபொருள் அனுமதி முறையிலே, வண்டிக்காரர் எந்தச் செயலியையும் தம் தொலைபேசியில் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தையும் வாகன இலக்கத்தையும் பதிந்தார். ஒரு கியூஆர் குறி வந்தது. அதைக் கடையில் அச்சடித்துப் பிளாஸ்ரிக் உறையிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். செயலி இருந்தது எண்ணெய் அடிப்பவரின் கையிலே. நாளெல்லாம் பயன்படுத்துவோனுக்குச் செயலி. எப்பொழுதாவது வருவோனுக்குக் காகிதம். 2023 செப்டெம்பர் 1 ஆம் திகதி அம்முறை நிறுத்தப்படும் வரைக்கும், தொலைபேசியே இல்லாத கிழவரும் அந்தக் காகிதத்தோடு எண்ணெய் அடித்தார். நாட்டின் துன்ப காலத்தில் நாம் கண்ட கெட்டித்தனங்களுள் இது ஒன்று.

இதன் மறுபக்கம் ஒன்றையும் கூறுவோம். இந்தியாவிலே துணிமணி விற்கும் மிந்த்ரா, 2015 மேயில் தன் இணையத்தளத்தை மூடி, செயலி வழியாக மாத்திரமே விற்பதென முடிவு செய்தது. அடுத்த ஆண்டே இணையத்தளத்தைத் திரும்பத் திறந்தது. வாசலைக் குறைத்தால் வருவோர் குறைவர்.

ஆகவே மேளம் பேசுவோர்க்கு ஓர் இணையப் பக்கம் போதும். வட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பினால் எந்தத் தொலைபேசியிலும் திறக்கும். ஐபோன் கடையில் நாம் வாசல் வைக்கவே வேண்டியதில்லை. அதற்கு அப்பிள் கேட்பது ஆண்டுக்கு 99 டொலர். டொலருக்கு 300 ரூபா எனக் கொண்டால் ஏறத்தாழ 30,000 ரூபா. பேச்சுக்கு 500 ரூபா நாம் பெறுவதாயின், 60 கலியாணத்தின் வருமானம் அந்த வாசலில் நிற்பதற்கே போய்விடும். கூகிள் கடைக்கோ ஒருமுறை 25 டொலர் கொடுத்தாற் போதும். கடைக்காரர் 15 வீதம், 30 வீதம் எனப் பங்கு எடுப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு தம்பி அஞ்சினார். அது பெரும்பாலும் செயலிக்குள்ளே விற்கும் மின்பண்டங்களுக்கு. பந்தலிலே வந்து ஊதும் நாதஸ்வரத்துக்கு அன்று.

கலைஞர்க்கு அன்ட்ரொயிட் செயலி ஒன்று. சமிக்ஞை இல்லாத இடத்திலும் நாட்குறிப்பு திறக்க வேண்டும். பேச்சு வந்தவுடன் மணி அடிக்க வேண்டும். பொத்தான் தொலைபேசிக்காரருக்குக் குறுஞ்செய்தி. அதை எதில் எழுதுவது? கொட்லின் என்கிறார் ஒருவர். 2018 டிசெம்பரில் கூகிள் முதல் நிலையான பதிப்பை வெளியிட்ட பிளட்டர் என்கிறார் மற்றவர். 2015 இல் பேஸ்புக் வெளியிட்ட ரியக்ட் நேற்றிவ் என்கிறார் இன்னொருவர். எயார்பிஎன்பி 2016 இல் ரியக்ட் நேற்றிவை ஏற்று 2018 இல் கைவிட்டது என்று ஒரு சான்றும் காட்டினார்கள். உண்மைதான். ஆனால் அவர்களிடம் நூற்றுக்கணக்கான பொறியியலாளர். நம்மிடம் நால்வர், அவருள்ளும் இருவருக்கு அடுத்த ஆண்டு பரீட்சை. கருவிகள் வரும், போகும்: அடோபி 2020 இல் போன்காப்பை நிறுத்திற்று, சமாரினுக்கு மைக்ரோசொவ்ற் தந்த ஆதரவு 2024 மேயில் முடிந்தது. நால்வருள் எந்த இருவர் ஊரிலே தங்குவார்களோ, அவ்விருவருக்கும் தெரிந்த மொழியிலே எழுதுங்கள். ஒருவர் போனால் மற்றவர் திருத்தத் தெரிந்திருக்க வேண்டும். நம் திருவிழாச் செயலி இறந்தது அந்த ஓர் இடத்திலேதான்.

இன்னும் ஒரு வேண்டுகோள். ஒரு வரி நிரலும் எழுதுமுன், வரும் ஆவணி முகூர்த்தங்களுக்கு ஒரு கொப்பியில் மேளப் பேச்சுக்களைக் கையால் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு கலைஞர் வீட்டுக்கும் நடந்து போய், அவர் கையில் எந்தத் தொலைபேசி என்று குறியுங்கள். நாள், நேரம், அச்சாரம் எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுத்து, பேசும் வீட்டாரிடம் 500 ரூபா கேளுங்கள். பத்து வீட்டார் கொடுத்தால், இணையப் பக்கத்துக்கு முதற் பணம் சங்க நிதியிலிருந்து தரலாம் எனத் தலைவர் இசைந்திருக்கிறார். கொடாவிட்டால், ஏன் கொடுக்கவில்லை என்று அவர்களையே கேட்டு அதே கொப்பியில் எழுதி வாருங்கள். கொப்பி ஒன்று வாங்கிச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறோம்.