நீருக்கு வேலி இல்லை



மண்ணுக்குள் புதைத்து வெடித்தால் தீங்கும் அங்கேயே புதைந்துவிடும் என்று அணுவல்லரசுகள் நெடுங்காலம் வாதித்தன. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கை வானிலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுக்குண்டு வெடிப்பதைத் தடுத்தது. நிலத்தின் அடியை மட்டும் திறந்துவிட்டது. கிணற்று நீரை நம்பி வாழும் நாம் அவ்வாதத்தை ஆராய்தல் கடமையாகும்.

உலர்ந்த மண்ணில் அதிர்ச்சி பாய்ந்தால், துகள்களுக்கிடையேயுள்ள காற்று நசுங்கி இடங்கொடுக்கும். நீர் நிறைந்த மண்ணிலோ அவ்வாறில்லை. நீர் எளிதில் நசுங்காது. ஆகவே அழுத்தம் முழுவதும் நீரின்மேல் ஏறுகிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றியிருந்த பிடி தளர்கிறது. உறுதியாயிருந்த மணல் குழம்பாகிறது. பாறையிலோ பிளவுகள் தோன்றி நீருக்குப் புதுவழி திறக்கின்றன.

1971 நவம்பர் 6ஆம் நாள், அலாஸ்காவைச் சேர்ந்த அம்சிட்கா தீவிலே, ஏறக்குறைய 5 மெகாதொன் வலுவுள்ள 'கனிக்கின்' குண்டு சுமார் 1,800 மீற்றர் ஆழத்தில் வெடிக்கப்பட்டது. நிலம் மேலெழுந்து பின்னர் இடிந்து தாழ்ந்தது. தாழ்ந்த இடத்தில் ஏரியொன்று பிறந்தது. அதனைத் தடுக்கக் கோரிய விண்ணப்பத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் அன்றுதான் மறுத்தது. நீதியரசர் நால்வர் மறுத்தனர், மூவர் மாறுபட்டனர். தீர்ப்புக் கிடைத்த சில மணி நேரத்தில் குண்டு வெடித்தது!

நீரின் தீர்ப்போ தாமதித்தே வரும். நெவாடாவில் 1968இல் வெடித்த 'பெனம்' குண்டின் புளுத்தோனியம், 1.3 கிலோமீற்றர் தொலைவில் நிலத்தடி நீரிற் காணப்பட்டதை 1999இல் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். எளிதிற் கரையாது, ஆகவே நகராது என்று நம்பப்பட்ட அந்நஞ்சு, நுண்துகள்களில் ஒட்டிக்கொண்டு நீரோடு நடந்திருந்தது. இடையிற் கழிந்தவை முப்பது ஆண்டுகள்.

இங்கேதான் நீதியின் கேள்வி எழுகிறது. தீங்கு தன் நாட்டெல்லையைத் தாண்டாவிட்டால் நிலத்தடியில் வெடிக்கலாம் என்றது 1963ஆம் ஆண்டு உடன்படிக்கை. எல்லை மனிதன் வரைந்தது; நீர் அதனை அறியாது. எல்லைக்குள் வாழ்பவனும் மனிதனல்லனோ?

தீங்கு நேர்ந்ததை நிரூபி என்று கிணற்றுக்குரியவனிடம் கேட்பது நீதியன்று. அவன் நிரூபிக்கும் நாளில் நீர் கெட்டிருக்கும். தீங்கு நேராதென்பதை வெடிப்பவனே முன்னதாக நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாதெனில் வெடிக்கும் உரிமையும் அவனுக்கில்லை.

எல்லா அணுக்குண்டுப் பரிசோதனைகளையும் தடுக்கும் உடன்படிக்கை 1996இல் கையெழுத்துக்கு வந்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அது நடைமுறைக்கு வரவேண்டுமென்று குரல் எழுப்புவோம். நிலத்தடி நீர் வருந்தலைமுறையின் முதுசொம். அதனைப் பணயம் வைக்க எந்த அரசுக்கும் உரிமை இல்லை!