“கரண்ட்” வைத்தவரும் கர்மமும்

(பாகலூரில் பேசியதன் சுருக்கம்)

1954-ல் முத்துலட்சுமி அம்மையார் முயற்சியால் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரி ஏற்பட்டது. நம் ஜனங்கள் “கரண்ட் வைப்பது” என்று சொல்லுகிற கதிர் வைத்தியத்தால் அங்கு பிழைத்தவர்கள் அநேகர். பிழைத்த பின் அவர்கள் கதி என்ன? வாயிலும் தொண்டையிலும் கதிர் பட்டவருக்கு எச்சில் சுரப்பிகள் கெட்டு, வருஷக்கணக்கில் நாக்கு வறளலாம். சாறில்லாமல் களி உருண்டை இறங்காது. தாடை இறுகும், பல் சொத்தையாகும். உடனே “கர்மம் விடவில்லை” என்கிறார்கள். கர்மமானால் அது கதிர் பட்ட இடத்தை மாத்திரம் பார்த்து வருவானேன் என்று கேட்கின்றோம். சில வீடுகளில் தனித் தட்டாம்! வெளியிலிருந்து பாய்ச்சிய கதிர் உடம்பில் தங்காது. புற்றுநோய் தட்டு வழியாக ஒட்டுவதுமில்லை. தாயத்துக்குக் கொடுக்கும் காசை ப்ளோரைடு பற்பசைக்குக் கொடுங்கள். பல் பிடுங்கப் போனால், பத்து வருஷம் கழிந்திருந்தாலும், கதிர் வைத்த சங்கதியை முன்னதாகவே பல் டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தவோட்டம் குறைந்த தாடை எலும்பு, பிடுங்கிய புண் ஆறாமல் செத்துப்போகவும் கூடும்.