நாவும் நரம்பும்

(திருமயிலையில் ஆற்றிய பொழிவு)



ஓர் இனம் தன் மொழியைப் பற்றி என்ன எண்ணுகின்றது என்பதை இலக்கண நூல்கள் மட்டுமே சொல்வதில்லை. அடுக்களையிலும் அங்காடியிலும் வழங்கும் மரபுத்தொடர்கள் அதனை முந்திச் சொல்லிவிடும்.

திருமயிலையில் 'லசு முனை' என்று நாள்தோறும் சொல்கின்றனர். போர்த்துகீசியர் 16-ஆம் நூற்றாண்டில் எழுப்பிய கோயிலால் வந்த பெயர் அது. போர்த்துகீசியத்திலும் அதன் உடன்பிறப்பாகிய இசுபானியத்திலும் அச்சொல்லுக்கு 'ஒளி' என்பது பொருள். பொருளறியாச் சொல்லையும் நா தலைமுறை தலைமுறையாய்ச் சுமக்கும் என்பதற்கு இதுவே சான்று.

உள்ளதை ஒளியாது உரைப்பவனை, 'நாவில் மயிர் இல்லாதவன்' என்பர் இசுபானியர். நாவுக்குத் தடையின்மை அவர்க்கு நேர்மை. தமிழரோ 'நரம்பில்லா நாக்கு' என்பர். அஃது எப்படியும் புரளும், நம்பற்க என்பது கருத்து. சொல்ல வந்ததை அடக்கிக்கொள்வது அவர்க்கு 'நாவைக் கடித்தல்'. தமிழர் நாவைக் கடிப்பதோ, சொல்லத் தகாததைச் சொல்லிவிட்ட பின்னர்! அங்கே அது காவல். இங்கே அது நாணம்.

தமிழர்க்குச் சொல் வெறுங்காற்று அன்று, கைப்பொருள். அதனாற்றான் சொல்லைக் 'கொடுக்கின்றனர்', 'காக்கின்றனர்'. அது சுடும், தைக்கும். 'சொன்ன பேச்சைக் கேள்' என்னும் தாய், காதால் கேட்பதையா வேண்டுகிறாள்? அதன்படி நடப்பதையே வேண்டுகிறாள். மயிலையில் கோயில் கொண்டிருக்கும் வள்ளுவரும் இனியவை கூறல், புறங்கூறாமை, பயனில சொல்லாமை, வாய்மை, சொல்வன்மை எனப் பேச்சுக்கே ஐந்து அதிகாரங்களை வகுத்தார்.

'விளங்கவில்லையா? தமிழில்தானே சொன்னேன்!' என்று மகனைக் கடிந்துகொள்ளும் தாய்மார் உண்டு. அவ்விடத்தில் இசுபானியர், 'கிறித்தவத்தில் பேசு' என்பர். தன் மொழியே தெளிவானது என்று எண்ணுவதில் தீங்கில்லை. ஆனால், 1939 முதல் 1975 வரை பிராங்கோ கோலோச்சிய நாளில், காத்தலான் மொழி பள்ளியினின்றும் அலுவலகத்தினின்றும் விலக்கப்பட்டது. அம்மொழி பேசியோரை நோக்கி வீசப்பட்ட அதே தொடர், அவர்தம் வாய்க்குத் தாழ்ப்பாள் ஆயிற்று. வீட்டுப் பேச்சு ஆட்சியாளன் கைக்குச் சென்றால் படைக்கலமாகும். அத்தகைய தாழ்ப்பாள் தமிழ் வாய்க்கு வரலாகாதென்றே 1965-இல் கோடம்பாக்கம் சிவலிங்கம் தம்மைத் தீக்கு ஈந்தார்.

இன்றைய நிலை என்ன? அரங்கநாதன் தெருக் கடைகளிலும் அடையாற்று மாடி வீடுகளிலும் 'பிராமிசு பண்ணினேன்', 'டிசுகசு பண்ணினோம்' என்பனவே ஒலிக்கின்றன. இதில் போவது ஒரு சொல் மட்டும் அன்று. 'சொல் கொடுத்தேன்' என்பவன், தன் உடைமையொன்றைப் பிறர் கையில் வைத்தவன் ஆகின்றான். அதனை மீட்கும் கடமையும் அத்தொடரிலேயே கட்டுண்டு கிடக்கின்றது. 'பண்ணினேன்' என்பதில் கொடுத்ததும் இல்லை; காக்க வேண்டியதும் இல்லை. தொடர் மறையின், அத்தொடர் சுமந்த அறமும் மங்கும்.

புறத்தார் இட வந்த தாழ்ப்பாளைத் தடுத்த மக்கள், அதனைத் தம் வாய்க்குத் தாமே இட்டுக்கொள்ளலாமா? வீட்டில், கடையில், பிள்ளைகளிடத்தில் நல்ல தமிழ்த் தொடரையே வழங்குவோம் என இன்று சொல் கொடுங்கள். கொடுத்த சொல்லைக் காத்திடுங்கள்.

வெல்க தமிழ்!