இரவல் பெற்ற பிள்ளைகள்



அயர்லாந்து நாட்டின் தொன்மையான ஆட்டம் ஹர்லிங். பக்கத்துக்குப் பதினைந்து பேர், முனை அகன்ற மர மட்டையால் சிறிய தோல் பந்தைத் தரையிலும் வானிலும் அடித்தாடுவர். காவலனைத் தாண்டி வலைக்குள் செலுத்தினால் மூன்று புள்ளி. குறுக்குக் கட்டைக்கு மேலே கம்பங்களிடையே அனுப்பினால் ஒரு புள்ளி. 2010 முதல் தலைக்கவசம் அனைவருக்கும் கட்டாயம். ஆட்டத்தின் வேகத்தை ஒரு முறை கண்டவர்கள் அதற்குக் காரணம் கேட்கமாட்டார்கள்!

1884-இல் தர்லஸ் நகரில் தோன்றிய கேலிக் விளையாட்டுச் சங்கமே இதனை நடத்துகிறது. ஆடுவோர்க்கு ஊதியம் இல்லை. ஒருவன் முதலில் தன் ஊர்க் கழகத்துக்கு ஆடுகிறான். திறமை மிக்கவனாயின் தன் மாவட்டத்துக்கு, அதாவது கவுண்டிக்கு, ஆடுகிறான். சொந்த ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இந்தப் பற்றினை விளக்கவேண்டுவதில்லை.

மாவட்டச் சிறுவர் அணியின் பொறுப்பாளருக்கு இங்கேதான் முதற் சிக்கல். அவர் அணியிலுள்ள பிள்ளைகள் ஊர்க் கழகங்களிடமிருந்து இரவல் பெற்றவர்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கழகத்துக்கு ஆடுகிறான், பள்ளிக்கும் ஆடுகிறான். பல இடங்களில் கேலிக் கால்பந்தும் ஆடுகிறான். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயிற்சியாளர். ஒவ்வொருவரும் தம் பயிற்சியே இன்றியமையாதது என எண்ணுகிறார். செவ்வாய் ஓரிடம், வியாழன் வேறிடம், ஞாயிறு போட்டி. பையனின் முழங்கால் என்னாகும்? ஆதலால் நல்ல பொறுப்பாளர் மட்டையைத் தொடுமுன் நாட்காட்டியைத் தொடுகிறார். மற்றப் பயிற்சியாளர்களோடு பேசி, எந்த வாரம் யாருக்கு என்று முடிவு செய்கிறார். தம் பயிற்சியைச் சில வாரங்கள் விட்டுக்கொடுக்கவும் துணிகிறார். அணியைக் காக்கும் வேலையில் பாதி இதுவே என்போம்.

அகில அயர்லாந்துச் சிறுவர் போட்டி 1928-இல் தொடங்கியது. நெடுங்காலம் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்காக நடந்தது. 2018 முதல் பதினேழுக்குட்பட்டோர்க்கு என மாற்றினார்கள். இறுதிப் பள்ளித்தேர்வுச் சுமையோடு இந்தச் சுமையும் சேராமலிருக்க அது உதவுகிறது.

அதற்கான தயாரிப்போ பதினான்கு வயதிலேயே தொடங்கிவிடுகிறது. பெருந்தொகையான சிறுவர்களைத் திரட்டி, ஆண்டுக்காண்டு பயிற்றுவித்துத் தேர்கின்றனர். பதினான்கு வயதில் கண் ஏமாற்றும். ஒருவன் மீசை அரும்பி நிற்பான். அவனுக்குப் பத்து மாதம் இளையவன் இன்னும் சிறு பிள்ளை. இருவரும் ஒரே வயதுப் பிரிவு. பெரியவன் தோளால் இடித்தே பந்தைப் பெற்றுவிடுவான். சிறியவன் பந்தை மட்டையில் ஏந்தி இருபுறமும் அடிக்கும் அழகு அன்று கணக்கில் வராது. மூன்றாண்டில் இருவர் உயரமும் ஒன்றாகலாம். அப்போது கைத்திறம் யாரிடம் இருக்கும்?

ஆகவே நீக்கப்படும் பிள்ளையிடம் எவ்வாறு சொல்வது என்பதே பொறுப்பாளரின் கடினமான வேலை. பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போவது எளிது. நல்லவர்கள் அவ்வாறு செய்வதில்லை. பையனையும் பெற்றோரையும் நேரில் கண்டு, எது போதவில்லை, இடப்புற அடியா, பந்தைத் தூக்கும் வேகமா என்று சொல்கின்றனர். அவனுடைய ஊர்க் கழகப் பயிற்சியாளருக்கும் அதனைத் தெரிவிக்கின்றனர். பின்பு அடுத்த ஆண்டுத் தேர்வு நாளன்று அவனுக்கும் மறவாமல் அழைப்பு அனுப்புகின்றனர்.